நான்கு இலக்கம்

19 டிசம்பர் 1999, ஞாயிறு. மின்னி பே, போர்ட் பிளேர்

மளிகைக் கடை அண்ணாச்சி ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை அடைப்பார். மெஷினைத் திறக்க எனக்குக் கிடைப்பது அந்த அரை நாள்தான். 486 கணினி, ஏழு வருஷம் ஓடிய மெஷின். கவரைக் கழற்றியதும் மதர்போர்டின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது தெரிந்தது. நீல உறை போட்ட, பீப்பாய் மாதிரியான சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, பக்கத்துச் செம்புத் தடங்களை அரிக்க ஆரம்பித்திருந்தது. கடலோரத்து உப்பும் ஈரமும் இதை இன்னும் வேகப்படுத்தும். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் போர்டே போயிருக்கும்.

கசிவது காரம் என்பதால், கடையிலிருந்தே கொஞ்சம் வினிகர் வாங்கிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு ஸ்பிரிட். காய்ந்ததும் செம்பு திரும்ப மின்னியது. பழைய பேட்டரியைப் பற்றவைப்பிலிருந்து எடுத்துவிட்டு, வெளி பேட்டரிக்கென்று போர்டில் இருக்கும் நான்கு முள் கனெக்டரில் மூன்று பென்சில் செல்லைக் கட்டி மாட்டினேன். இனி கசிந்தாலும் போர்டைத் தொடாது.

அடுத்தது, 2000 பிறக்கும்போது மெஷின் தேதியைச் சரியாகக் காட்டுமா என்ற சோதனை. முதலில் கணக்கு முழுவதையும் பதினோரு பிளாப்பியில் காப்பி எடுத்தேன். தேதியை முன்னால் தள்ளிப் பார்க்கும் விளையாட்டில் கணக்கு கெட்டால், சரி செய்ய இங்கே ஆள் கிடையாது. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம் செய்துதான் வரவேண்டும். தனி பிளாப்பியில் டாஸ் ஏற்றி, தேதியை 1999 டிசம்பர் 31, நேரத்தை இரவு 11:58 என்று வைத்து, மெஷினை அணைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன்.

திரையில் 1980 ஜனவரி 4.

"என்ன தம்பி, இருபது வருஷம் பின்னால போயிருச்சு?" என்றார் அண்ணாச்சி. அந்த வருஷம் அவர் தூத்துக்குடியில் இருந்தாராம், இந்தத் தீவுக்கு வந்தே பதினான்கு வருஷம்தான் ஆகிறதாம்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். மெஷினில் உள்ள கடிகாரச் சில்லு, நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடுகிறது. ஆண்டில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும்தான் அது எண்ணும். முதல் இரண்டு இலக்கமான 19 வேறொரு நினைவறையில் சும்மா எழுதி வைத்திருக்கும். 99 முடிந்து 00 வரும்போது அந்த அறைக்குப் போய் 19ஐ 20 ஆக்கும் வேலை சில்லுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆகவே மெஷின் விழித்தெழுந்து 1900 என்று படிக்கிறது. டாஸுக்கோ 1980க்கு முன்னால் உலகமே கிடையாது. 1900ஐக் கையில் கொடுத்தால் திணறி 1980 ஜனவரி 4 என்கிறது. மெஷினை முதலில் எழுப்பும் பயாஸ் நிரலில் வேறு ஒரு வகை 2094 காட்டுமாம்.

மருந்து மிக எளிது. டேட் கட்டளையில் 2000 என்று முழுதாக அடித்தேன். அந்த நினைவறையில் 20 ஏறிவிட்டது. அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, போட்டுப் பார்த்தேன். நின்றது.

21 டிசம்பர் 1999, செவ்வாய்

மெஷின் சரியாகிவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பஜாரில் நிறையப் பேர். அண்ணாச்சியின் கடன் கணக்கு ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள நிரலில் இருக்கிறது. உள்ளே தேதி ஆண்டு, மாதம், நாள் என்று எட்டு இலக்கமாகத்தான் சேமிக்கப்படுகிறது, அதில் தவறே இல்லை. தவறு வாசலில் இருக்கிறது. கடைப் பையன் 05/01/00 என்று அடித்தால் ஃபாக்ஸ்ப்ரோ அதை 1900 என்று எடுத்துக்கொள்கிறது. டிசம்பர் 28ஆம் தேதி வாங்கிய அரிசி மூட்டைக்கு ஜனவரி 5ஆம் தேதி பணம் கட்டுவதாக வைத்துப் பார்த்தேன். எட்டு நாள் என்று வரவேண்டிய இடத்தில் கழித்தல் 36,516 நாள் என்று வந்தது. வட்டிப் பத்தியில் வந்த தொகையைப் பார்த்து அண்ணாச்சி வாய் திறக்கவில்லை.

செட் செஞ்சுரி ஆன் என்று ஒரு வரி சேர்த்தால் நான்கு இலக்கமும் கேட்கும். ஒரு வரிதான், ஆனால் தேதிக்கு எட்டு இடம் போதும் என்று கட்டிய பில்லில் இப்போது பத்து இடம் வேண்டும். தொகைப் பத்தி இரண்டு எழுத்து தள்ளி, அச்சடித்த தாளின் கோட்டுக்கு வெளியே போய் நின்றது. பதினேழு ரிப்போர்ட்டையும் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இரவு பதினொன்றரை ஆகிவிட்டது.

சென்னையில் சித்தி மகன் கோபால் (COBOL) என்ற நிரல்மொழி படித்துவிட்டு இதே வேலையை அமெரிக்க வங்கிகளுக்குச் செய்கிறான். லட்சக்கணக்கான வரிகளில் தேதி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே வேலையாம். நினைவகம் பொன் விலை விற்ற காலத்தில், எண்பது பத்தி கொண்ட துளை அட்டையில் அன்றைய நிரலாளர்கள் ஆண்டைச் சுருக்கி இரண்டு இடம் மிச்சம் பிடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நிரல்கள் முப்பது வருஷம் ஓடும் என்று யார் கண்டது?

ஆண்டைச் சுருக்கி எழுதும் இந்தப் பழக்கம் நமக்கும் புதிதல்ல. அப்பா பிறந்ததைத் தாத்தா ஒரு நோட்டில் 'பிரமாதி வருஷம் ஆவணி' என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறார். இப்போது நடப்பதும் பிரமாதிதான். ஆவணியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். பெயர் சுற்றி வந்தாலும் இது 1939 இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா நரைத்த தலையோடு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

31 டிசம்பர் 1999, வெள்ளி

நிக்கோபாரில் கட்சால் தீவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. நாளைக் காலை இந்திய நேரம் ஐந்தரைக்கு அங்கே சூரியன் உதிக்கும். அந்த நிமிடம் கிரீன்விச்சில் சரியாக நள்ளிரவு. அதனால் புது ஆயிரத்தாண்டின் முதல் வெயில் அங்கேதான் என்று அரசே அறிவித்து, பார்க்க ஆட்களைக் கப்பலேற்றியிருக்கிறது. கட்சாலின் ரப்பர் தோட்டத்தில் இருப்பவர்களில் பல குடும்பங்கள், சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நம் தமிழ்க் குடும்பங்கள். நாளை உலகமே பார்க்கும் வெயிலில் அவர்கள் வழக்கம்போல் பால் வடிக்கப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலை நான்கு கடை, ஒரு பள்ளி, ஒரு மருந்தகம். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்தாயிற்று.

1 ஜனவரி 2000, சனி

ஐந்தரைக்கு எழுந்து வாசலில் நின்றேன். மின்னி பேயில் விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஏழு மணிக்கு ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலியில் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டு, ஒவ்வொரு கடையாகப் போனேன். அண்ணாச்சியின் மெஷினில் சோதனையில் செய்தது போலவே 2000 என்று அடித்தேன். அதன் பிறகு ஆறு இடத்திலும் 2000. மருந்தகத்தில் மட்டும் நேரம் நான்கு நிமிடம் பிந்தியிருந்தது, அது பேட்டரியின் சோர்வு.

அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கத்திலேயே ஆண்டு 19100 என்று வந்ததாம். 19ஐ எழுதி, அதன் பின்னால் 1900லிருந்து எத்தனை வருஷம் என்ற எண்ணை ஒட்டியிருக்கிறார்கள். 99 வரை பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

"ஒண்ணுமே ஆகலியே, வீணா பயமுறுத்தினீங்களே" என்று ஒருவர் கேட்டார். எனக்கு வலித்தது. ஒன்றும் ஆகாமல் இருக்கத்தானே இந்த ஒரு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்தோம். அண்ணாச்சியின் கடையில் நான் சோதிக்காமல் விட்டிருந்தால், இன்றைக்கு முதல் பில்லில் 1980 என்று அச்சாகியிருக்கும்.

29 பிப்ரவரி 2000, செவ்வாய்

இது என் பிழை. ஓர் அலுவலகத்துக்கு வருகைப் பதிவு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று காலை அதில் மார்ச் 1 என்று வந்திருக்கிறது. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு இல்லை என்று எழுதியவன், நானூறால் வகுபட்டால் உண்டு என்ற அடுத்த விதியை எழுதவில்லை. 1900க்கு பிப்ரவரி 29 கிடையாது, 2000க்கு உண்டு. பத்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஆனால் இருபத்து மூன்று பேருடைய இன்றைய வருகையைக் கையால் மாற்றி எழுத வேண்டியிருந்தது, ஒவ்வொருவரிடமும் கையெழுத்தும் வாங்கினேன். மற்றவர்கள் மெஷினையெல்லாம் டிசம்பர் 31க்குச் சோதித்தவன், என் நிரலைப் பிப்ரவரி 29க்குச் சோதிக்கவில்லை.

19 ஜனவரி 2025, ஞாயிறு

போர்ட் பிளேருக்கு இப்போது பெயர் ஸ்ரீ விஜயபுரம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு மெஷின்கள் தாமாகவே இணையத்தில் நேரம் கேட்டுக்கொள்கின்றன. கைக்கடிகாரத்தை வைத்துத் திருத்திய காலம் போய்விட்டது. பழைய டைரியை இன்று எடுத்ததற்குக் காரணம், காலையில் ஒரு கடையில் பார்த்த கேமரா ரெக்கார்டர். திருட்டு நடந்த இரவின் பதிவைத் தேடினால், எல்லாம் 1970 ஜனவரி 1இல் கிடக்கிறது. உள்ளே ஐம்பது ரூபாய்கூட ஆகாத காசு பேட்டரி செத்திருக்கிறது. இணையத்தோடு அதை யாரும் இணைக்கவும் இல்லை. போலீஸுக்குக் கொடுக்கத் தேதியே இல்லாத பதிவு.

இன்றிலிருந்து சரியாகப் பதின்மூன்று வருஷத்தில், 2038 ஜனவரி 19 செவ்வாய் காலை 8:44:07க்கு இன்னொரு எல்லை வருகிறது. 1970லிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கருவிகளில் 2,147,483,647க்கு மேல் இடம் இல்லை. அடுத்த நொடி அவை 1901 டிசம்பர் 14 விடியற்காலைக்குப் போய்விடும். புதிய கணினிகளில் பெரும்பாலும் 64 பிட் வந்துவிட்டது. என் கவலை சுவரில் மாட்டி மறந்துபோன ரெக்கார்டர், வருகைப் பதிவுக் கருவி, பழைய பில் மெஷின், படகில் இருக்கும் ஜிபிஎஸ் மேல்தான். அதே வருஷம் நவம்பர் 20இல் ஜிபிஎஸ் வார எண்ணும் மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது போலத்தான்.

உங்கள் கடையிலோ படகிலோ இப்படி ஒன்று இருந்தால், ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் உள்ளே உள்ளதைக் காப்பி எடுத்துவிட்டு, தேதியை 2038 ஜனவரி 19 காலை 8:40க்கு வைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். ஒரு தடவை ஓடவிட்டும், ஒரு தடவை அணைத்துப் போட்டும் பாருங்கள். சரியாக வராவிட்டால் கருவியின் பெயரையும் மாடல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள், அந்தத் தாளில் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்.