பகிடி யாரைப் பார்த்து?



உயர்தர வகுப்பில் "சிக்மன்ட் பிராய்ட் யார்?" என்று கேட்டால் பின்வரிசையில் இருந்து முதலில் சிரிப்புத்தான் வரும். "எல்லாத்துக்கும் அந்த விஷயம்தான் காரணம் என்று சொன்ன ஆள், சேர்!" பதுளை டவுன் பிள்ளைக்கும் பசறைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இதில் ஒரே கருத்து.

நாங்கள் அந்தச் சிரிப்பை அடக்குவதில்லை. பகிடியைப் பற்றியே பிராய்ட் 1905இல் ஒரு நூல் எழுதினார். நேரே சொல்ல முடியாததை மனிதன் பகிடியாகச் சொல்லி விடுகிறான் என்பது அவர் வாதம். "அப்போ நீங்க சொல்ல முடியாமல் வைத்திருப்பது என்ன?" என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு கப்சிப்.

பிறகு கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிராய்டுக்கு நோபல் பரிசா? இல்லை, 1930இல் கிடைத்தது கோத்தே பரிசு. அவர் சொன்னதெல்லாம் விஞ்ஞானமா? பொய்யென்று காட்ட வழியே இல்லாத கொள்கை விஞ்ஞானமாகாது என்று கார்ல் பொப்பர் மறுத்தார்.

எங்கள் வீட்டுக் கதைகளையும் விடுவதில்லை. "இப்னு ஸீரீன் கனவு விளக்கம்" பல வீடுகளில் உண்டு. இமாம் வபாத்தானது ஹிஜ்ரி 110இல். அவர் பெயரில் உலாவும் அந்த நூல்கள் பிற்காலத்தவருடையவை என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. ஆனால் கனவில் ஒரு வகை, மனிதனின் சொந்த மனப்பேச்சு என்று வரும் ஹதீஸை அறிவித்தவர்களில் அவரும் ஒருவர். இதைக் கேட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரேயொரு பகிடியை மட்டும் நாங்கள் நிறுத்துவோம். "இவனை அங்கொடைக்கு அனுப்பணும்." வகுப்பே சிரிக்கும்போது சிரிக்காத பிள்ளை ஒன்று இருக்கும். வீட்டில் உம்மாவோ அண்ணனோ கிளினிக் மாத்திரை குடிப்பதை யாரிடமும் சொல்லாத பிள்ளை. பிராய்டைப் பகிடி பண்ணினால் அவருக்கு வலிக்காது, 1939இலேயே போய்விட்டார். இந்தப் பிள்ளை நாளைக்கும் வகுப்புக்கு வரவேண்டும்.

பெற்றோரே, ஓதிப் பார்ப்பதும் கோடாங்கியிடம் போவதும் உங்கள் நம்பிக்கை. அதற்காக வைத்தியரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். அந்த நிறுவனம் இருப்பதும் அங்கொடையில்தான். அந்தப் பெயரைப் பகிடியாக்கி விட்டால், உதவி தேவைப்படும் நாளில் எங்கள் பிள்ளைக்கு அந்த இலக்கத்தை அழுத்தக் கை வராது.