திறந்த பின் தெரியும் குணம்

என் குருத்துவ வெள்ளிவிழாவுக்குப் பலர் பொன்னாடை போர்த்தினர். கப்பலில் பணிபுரியும் பங்கு அன்பர் ஒருவர் மட்டும் போர்த்துக்கல் நாட்டிலிருந்து ஒரு குப்பி கொணர்ந்தார். ‘20 ஆண்டு’ என்று பொறித்த பழைய போர்ட் இரசம் அது.

போர்ட் என்பது தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையின் இரசம். நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுகின்றனர். ஆதலால் பழத்தின் இனிமை எஞ்சுகிறது. வலிமையும் ஏறக்குறைய 20 விழுக்காடாகிறது. பின்னர் ஒரு வகையை ஆண்டுக்கணக்கில் மரப்பீப்பாயில் வைப்பர். அது காற்றோடு பழகிச் செந்நிறம் இழந்து பழுப்பேறும். மற்றொரு வகையை இரண்டொரு ஆண்டிலேயே குப்பியில் அடைத்து, காற்றுப் படாமல் நெடுநாள் கிடத்துவர்.

எனக்கு வாய்த்தது பீப்பாயில் முதிர்ந்த வகை. இரவு உணவுக்குப் பின் சிறு கிண்ணமளவு அருந்தினேன். வாதுமையும் உலர்ந்த அத்தியும் கருப்பட்டிப் பாகும் கூடினாற்போன்ற மணம். மூடி அலமாரியில் வைத்தேன்.

அதே கோடையில் பூசைக்குரிய இரசக் குப்பி ஒன்றும் திறந்திருந்தது. வார நாட்களில் சிறிதளவே செலவாகும். ஆகவே பாதிக் குப்பியாகவே பல வாரம் நின்றது. பாரிவாக்கத்து மே மாத வெப்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் நாவில் புளிப்புத் தட்டியது. உரிமத்தின் பேரில் அளந்து பெறும் பொருளை வீணாக்கலாகாது என்று எண்ணினேன். அதற்குச் சிக்கனம் என்று பெயரிட்டேன். உண்மையில் அது சோம்பல். மூன்று நாள் கடந்தன. நான்காம் நாள் காலை, பூசைக்கு முன், கோயில்பிள்ளை தயங்கித் தயங்கி, “சாமி, காடி வாடை வருகிறதே!” என்றார்.

இரசம் திராட்சைக் கனியினின்று பெற்ற இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி. புளிக்கத் தொடங்கிய இரசத்தில் பூசை செல்லும்; ஆனால் தகாது. முற்றும் காடியானதிலோ பூசையே செல்லாது. என் குப்பி எந்தப் பக்கம் நின்றது? உறுதி சொல்ல என்னால் இயலவில்லை.

அம்மூன்று நாட்களுள் ஒன்று, இரு குழந்தைகளை விட்டு இறந்த ஓர் இளந்தாயின் முதலாண்டு நினைவு நாள். மூன்று கருத்துகளுக்கும் மீண்டும் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். அந்தக் கணவரின் இல்லம் சென்று காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் அவளுக்கு இரண்டு பூசை கிடைத்தது, சாமி” என்றார். எனக்குக் கண் கலங்கியது.

அன்றிரவு அலமாரியிலிருந்த போர்ட் குப்பியை எடுத்துப் பார்த்தேன். திறந்து இரு மாதமாகியும் மணம் சற்றே தளர்ந்திருந்ததன்றிக் காடியாகவில்லை. காற்று பட்டால் இரசத்தைக் காடியாக்கும் நுண்ணுயிர்கள் அத்தனை வலிமையில் பிழைப்பதில்லை. மேலும், பல்லாண்டு மரத்தின் வழியே காற்றை ஏற்றுப் பழகியது அது. காற்றறியாமல் குப்பியில் முதிர்ந்த மற்ற வகையோ, திறந்த இரண்டொரு நாளில் தன் மணத்தை இழக்கத் தொடங்கும். ஆயினும் உரோமை அனுமதித்த 18 விழுக்காட்டு எல்லையைக் கடந்ததால் போர்ட் பீடத்துக்கு ஆகாது. பீடத்துக்கு உரியது எளிதில் கெடும் எளிய இரசமே; அதைக் காப்பது நம் கடமை. இப்பொழுது புதுக் குப்பியைத் திறந்தவுடனே, சிறு குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைக்கிறேன்.

பெற்றோரே, பிள்ளைகளைக் காற்றே படாமல் அடைத்து வளர்க்காதீர்கள். சிறுகச் சிறுகப் பழக்குங்கள். நம் வாழ்வில் புளிப்பேறும்போது, அதை நம்மிடம் துணிந்து சொல்லும் ஒரு கோயில்பிள்ளையையும், அதைக் கேட்கும் செவியையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.