பஸ்ஸில் பட்டர்வொர்த், படகில் பினாங்கு

ஸ்ரீ ராம ஜெயம். 

நம்ம சாங்கி ராமர் கோவில் தொண்டர்கள் ஒன்பது பேர் 2024 தைப்பூசத்துக்குப் பினாங்கு போய் வந்தோம். எப்படிப் போனீங்கன்னு பலரும் கேட்பதால் எழுதுகிறோம். "ராமர் கோவில்காரங்களுக்குத் தண்ணீர்மலையில என்ன வேலை?" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. மாமன் வீட்டு ஆளுங்க மருமகன் வீட்டு விசேஷத்துக்குப் போகக் கூடாதா என்ன!

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் நம்ம பூக்கட்டும் அம்மா. வயது 77, இரண்டு முட்டியிலும் வலி. அவர் மகன் விமான டிக்கெட் எடுத்துத் தர்றேன் என்றார். சாங்கி விமான நிலையம் பக்கத்துலயே இருக்கு, ஒன்றரை மணி நேரத்துல பினாங்கு. அம்மா கேட்கவே இல்லை. "எனக்குத் தண்ணி வழியாத்தான் போய் இறங்கணும்" என்று ஒரே பிடிவாதம். காரணம் அப்போது சொல்லவில்லை.

பூசம் வியாழக்கிழமை. ஆனால் பினாங்கில் ரதம் முதல் நாள் விடியற்காலையே புறப்பட்டுவிடும். இங்கே 1968க்குப் பிறகு பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது, அங்கே உண்டு. ஷிஃப்ட் மாற்றி, லீவு போட்டு, செவ்வாய் இரவு பஸ் ஏறினோம். சோதனைச் சாவடியில் இரண்டு பக்கமும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும். அம்மாவை நாங்கள் மாற்றி மாற்றிக் கைத்தாங்கலாக நடத்திப் போனோம். அதுக்கப்புறம் நெடுஞ்சாலைதான், சுமார் 700 கிலோமீட்டர். எல்லாரும் தூங்கிட்டோம். அம்மா மட்டும் தூங்கலை.

1985ல் பாலம் திறந்ததிலிருந்து பஸ்ஸிலேயே தீவுக்குள் போய்விடலாம். நாங்கள் அம்மாவுக்காகப் பட்டர்வொர்த்திலேயே இறங்கினோம். பினாங்கு சென்ட்ரலிலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். கார் ஏற்றும் பழைய பெரிய ஃபெரி இப்போது இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதுப் படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். இருபது நிமிடம்கூட ஆகாது.

அந்த இருபது நிமிடத்தில்தான் அம்மா வாயைத் திறந்தார். 1955ல் எட்டு வயசில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தாராம். அந்தக் கப்பல் முதலில் பினாங்கு, பிறகு கிள்ளான் துறைமுகம், கடைசியாகத்தான் சிங்கப்பூர். கூட வந்த சித்தி பினாங்கில் இறங்கிவிட்டார். இவரை இறங்க விடவில்லை. மேல்தட்டில் நின்று கையாட்டியதோடு சரி. சித்தி கெடா பக்கம் தோட்டத்துக்குப் போனதாகக் கேள்வி. சில வருஷத்தில் கடிதம் நின்றது, பிறகு இறந்த செய்திதான் வந்தது. நாற்பது வருஷமாக நம்மோடு பூக்கட்டுபவர், இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

தீவு நெருங்கியதும் எழுந்து நின்றார். கட்டடம் எதுவும் அடையாளம் தெரியலை. "மலை மட்டும் அப்படியே இருக்குப்பா" என்றார்.

மலைக்கோவிலுக்கு 513 படி. அம்மாவால் ஏற முடியாது என்று தெரிந்துதான் போனோம். அதனால் வெள்ளி ரதம் வரும் தெருவிலேயே ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். செட்டியார்கள் காரைக்குடிப் பக்கத்திலிருந்து 1894ல் கொண்டு வந்த ரதம் அது. வழியெல்லாம் தேங்காய் மலைமலையாய்க் குவித்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் சீனர்கள் வைத்ததுதான். உடைக்கிற சத்தத்தில் காது அடைத்துப் போகும். சில்லெல்லாம் வாரித் தள்ள இயந்திரமே வருகிறது! தண்ணீர்ப்பந்தலுக்கும் குறைவில்லை. எங்களுக்குச் சாப்பாட்டுச் செலவே இல்லை.

ரதம் வந்தபோது அம்மா ஒரு தேங்காயைக் கையில் வாங்கி, சித்தி பெயரைச் சொல்லி, உட்கார்ந்தபடியே ஓங்கி அடித்தார். உடையவில்லை. பக்கத்திலிருந்த சீனப் பாட்டி ஒருவர் எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார். இரண்டாம் முறை சிதறியது. அம்மா அழவில்லை, நாங்கள்தான் அழுதோம்.

மறுநாள் நாங்கள் எட்டுப் பேர் பால்குடம் எடுத்து மலையேறினோம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் வர விரும்புகிறவர்கள் பூஜை முடிந்ததும் சமையல்கட்டுப் பக்கம் எங்களைப் பாருங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கணும். முட்டிவலிக்காரர்கள் தயங்காம சொல்லுங்க, மடக்கு நாற்காலி இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம்.

வேல் வேல்! அரோகரா!