இராமலிங்க விலாசத்தில் இப்போது ஓடிக்கொண்டிருப்பவை

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மாசாமாசம் சென்னையில நடக்கிற ஓவியக் கண்காட்சிப் பட்டியலை ஃபார்வர்ட் பண்ணுவார். எது நடக்குது, எது வரப்போகுது, எது ஞாயித்துக்கிழமையோட முடியுதுன்னு. "உங்க ராம்நாட்ல என்னய்யா ஓடுது?"ன்னு போன வாரம் ஒரு நக்கல். பதில் மெயில் நீண்டுபோச்சு. அதனால பதிவாவே போட்டுடறேன் மக்களே.

இப்போது ஓடுவது: அரண்மனைக்குள்ள இருக்கிற இராமலிங்க விலாசம். கிட்டத்தட்ட 300 வருஷமா ஒரே கண்காட்சி! கட்டினது கிழவன் சேதுபதி. சுவர் முழுக்கப் படம் எழுத வெச்சவர், அவருக்குப் பின்னால் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி. இப்ப தொல்லியல் துறை அருங்காட்சியகம்.

உள்ளே போனா கண்ணு பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் ஒவ்வொண்ணா வெளியே வரும். ஒரு பக்கம் தஞ்சை மராட்டியரோட சண்டை. ஒரு பக்கம் தொப்பி வெச்ச ஐரோப்பியர்கள் ராஜாவைப் பார்க்க வந்திருக்காங்க. ராஜராஜேஸ்வரி அம்மன் கையாலேயே செங்கோல் வாங்குறார். ராமாயணம், பாகவதம் எல்லாம் உண்டு. மேலே அந்தப்புர சமாச்சாரங்களும் உண்டு (குடும்பத்தோட போறவங்க வேகமா நடக்கவும்). சாமி கதைக்குப் பக்கத்துலயே தன் கதையையும் எழுதச் சொன்ன அந்தத் தைரியம்தான் எனக்குப் பிடிச்சது. அந்தக் காலத்து ப்ரொஃபைல் போட்டோ!

ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பெரியப்பா, பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனதோட சரி. "பழைய செவுரு, அதுல என்னடா பாக்க?" இந்தப் பொங்கலுக்கு இழுத்துட்டுப் போனேன். ஓவியத்தை எல்லாம் சும்மா பார்த்துட்டே வந்தவர், ஆயுதங்கள் வெச்சிருந்த இடத்துல வளரியைப் பார்த்து நின்னுட்டார். "எங்கப்பா சொல்லுவாருடா, வீசினா முயல் விழும்னு. நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்." அறுபத்தஞ்சு வயசு அவருக்கு. 1801 பாளையக்காரர் போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் ஆயுதங்களைப் பிடுங்கினதுல வீட்டுக்கு வீடு இருந்த பொருள் கண்ணாடிக்குள்ள போயிடுச்சு.

கண்காட்சி முடியும் நாள்? போர்டு இல்லை. ஆனா கை எட்டுற உயரத்துல நிறம் தேய்ஞ்சு கிடக்கு. ஆணியால கீறின பேர்கள் வேற. கையில ஆணியோட வர்றவனுக்கு எந்த ராஜா, எந்தச் சண்டை!

இனி வருவது: 2025-26 தமிழக பட்ஜெட்ல ராமநாதபுரத்துக்கு 21 கோடியில 'நாவாய்' அருங்காட்சியகம்னு அறிவிச்சாங்க. நியாயமான இடம்தான். இங்கேருந்து கொஞ்ச தூரத்துல, வைகை கடல்ல சேர்ற பக்கம் அழகன்குளம். 1980கள்ல தொடங்கின அகழாய்வுல ரோமானியக் காசு, தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு எல்லாம் கிடைச்சது. எல்லாத்தையும் விட, கப்பல் படம் கீறின ஒரு ஓடு. அந்த ஒத்தை ஓட்டுக்கு ஒரு தனி அறை கொடுக்கணும்ங்கிறது என் ஆசை. மாடல் கப்பல், லைட் ஷோன்னு ரொப்பிட்டு ஓட்டை மூலையில தள்ளிடுவாங்களோன்னுதான் பயமா இருக்கு.

பி.கு: ராமேஸ்வரம் போற வண்டியெல்லாம் பேய்க்கரும்பு கலாம் நினைவிடத்துல நிக்குது, நல்ல விஷயம். வழியில ராம்நாட்லயும் ஒரு மணி நேரம் இறங்குங்க. ஃபிளாஷ் போடாதீங்க, சுவத்துல சாயாதீங்க.