61 வருடங்களாக அப்பத்தா தாண்டாத பாலம்... ஒரு லாங் வீக்கெண்டும் ராமேஸ்வரமும்!

2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள். காலண்டரில் இதைக் கண்டுபிடித்த அன்றே எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில், 'ராமேஸ்வரம் போறோம்' என்று அறிவித்துவிட்டேன். வருடம் முழுக்க மற்றவர்களுக்கு 'மூன்று நாள் லீவில் எங்கே போகலாம்' என்று எழுதித் தருவது என் வேலை. சொந்தக் குடும்பத்துக்கு ஒரு பிளான் போடத் தெரியாதா என்ன?

ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கும். ஆகஸ்ட் 14 இரவு ரயிலுக்கு, ஜூன் 15 காலை 8 மணிக்கே மொபைலும் கையுமாக உட்கார்ந்து மூன்று டிக்கெட் எடுத்தேன். ஆனால், ராமநாதபுரம் வரைக்கும்தான். அதற்கு இரண்டு காரணங்கள். சென்னையிலிருந்து போகும் இரவு ரயில்கள் பாம்பனைக் கடக்கும்போது பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கும். அந்த ஏப்ரலில்தான் திறந்திருந்த புதிய பாலத்தைப் பகலில் பார்க்க வேண்டுமென்றால், ராமநாதபுரத்தில் இறங்கி மறுநாள் மதுரை - ராமேஸ்வரம் பாசஞ்சரைப் பிடிப்பது நல்லது. இரண்டாவது காரணம், ராமநாதபுரத்தில் இருக்கும் அப்பத்தா.

வெள்ளி: திருப்புல்லாணி, தேவிபட்டினம். சனி: ராமேஸ்வரம் கோயில். ஞாயிறு: தனுஷ்கோடி, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். மணி வாரியாக எக்செல் ஷீட் போட்டுவிட்டு அப்பத்தாவுக்கு போன் செய்தேன்.

"அப்பத்தா, 22 தீர்த்தத்துலயும் குளிக்கணுமா... இல்ல, சாமி மட்டும் கும்பிட்டா போதுமா?"

"நீங்க போயிட்டு வாங்கத்தா. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்."

முட்டி வலியாக இருக்கும் என்று நினைத்து, ஷீட்டில் 'வீல்சேர்' என்று சேர்த்தேன். அப்பாதான் சொன்னார். "முட்டி வலி இல்லம்மா. எங்கம்மா இதுவரைக்கும் பாம்பனைத் தாண்டினதே இல்ல."

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். காசியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். 73 வயது அப்பத்தா போனதில்லையா?

உச்சிப்புளி பக்கம் பிறந்தவர் அப்பத்தா. அந்தக் காலத்தில் தனுஷ்கோடியில் ரயில் நிலையம், துறைமுகம், தபால் நிலையம் எல்லாம் இருந்தன. சென்னையிலிருந்து போட் மெயிலில் வருபவர்கள், அங்கே கப்பல் ஏறி தலைமன்னார் போவார்கள். அவர்களின் மூட்டை முடிச்சுகளைத் தூக்கும் வேலையில் இருந்தார் அப்பத்தாவின் அண்ணன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. 1914-ல் திறந்த பழைய பாலமும் உடைந்துபோக, ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாள்களில் அதைச் சரிசெய்தது. மறுபடி ரயில் ஓடியது. அண்ணன் மட்டும் வரவில்லை. அப்போது அப்பத்தாவுக்கு 12 வயது.

1988-ல் பஸ் போகும் பாலம் வந்தபிறகும் அவர் போகவில்லை. அப்பா பள்ளிச் சுற்றுலாவுக்கு ராமேஸ்வரம் போன அன்று, பிள்ளை திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தாராம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டதும் எனக்குள் முதலில் எட்டிப்பார்த்தது பேத்தி இல்லை, ரிப்போர்ட்டர். கட்டுரைக்குத் தலைப்புகூடத் தோன்றிவிட்டது. அடுத்த நொடியே கூச்சமாக இருந்தது. ஷீட்டில் சனி, ஞாயிறு இரண்டையும் அழித்துவிட்டு, 'அப்பத்தா வீடு' என்று மட்டும் டைப் செய்தேன்.

வெள்ளிக்கிழமை தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். இரவு சாப்பாட்டின்போது அப்பத்தாவே கேட்டார். "நாளைக்கு ரயில் எத்தனை மணிக்குத்தா?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். "எங்க அண்ணனுக்கு 19 வயசு. உனக்கு இப்ப 24. எனக்கும் எத்தனை நாளு இருக்கோ... ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

பாசஞ்சரில் நல்ல கூட்டம். ஒரு பெண் எழுந்து, அப்பத்தாவுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். பாலத்தில் ஏறியதும் ரயிலே அமைதியாகி, எல்லோரும் மொபைலை வெளியே நீட்டினார்கள். நான் மொபைலை எடுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடவும் இல்லை, அழவும் இல்லை. பாம்பன் ஸ்டேஷன் வந்ததும், "முடிஞ்சுருச்சா?" என்றார்.

ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தத்துக்கு நீண்ட வரிசை. ஈரச்சேலையோடு 22 கிணறுகளைச் சுற்ற வேண்டாம் என்று சாமியை மட்டும் கும்பிட்டோம். மூன்றாம் பிராகாரத்துத் தூண்களுக்கு நடுவே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார் அப்பத்தா.

ஞாயிறு காலை வெயிலுக்கு முன்பே தனுஷ்கோடி. இடிந்த தேவாலயத்தின் முன் செல்ஃபி எடுப்பவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள் எங்கே என்று மட்டும் கேட்டார். அங்கே போய் ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தவர், என் பக்கம் திரும்பி, "இம்புட்டு பக்கத்துலயா இருந்துச்சு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அரிச்சல்முனையில், "இந்தப் பக்கம் பெண் கடலு, அந்தப் பக்கம் ஆண் கடலு. அண்ணன் சொல்லும்" என்றார். ஷீட்டில் முதலில் தனுஷ்கோடிக்கு நான் ஒதுக்கியிருந்தது ஒன்றரை மணி நேரம். ஆனது நான்கு மணி நேரம். கலாம் நினைவிடத்துக்குப் போக முடியவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் தனுஷ்கோடிக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். சாயங்காலம் அந்தச் சாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். கூடவே வீட்டுப் பெரியவர்களிடம், 'வர்றீங்களா' என்பதோடு, 'ஏன் வரலை' என்றும் கேளுங்கள்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுத்தா. அண்ணன் பேரு மட்டும் வேணாம்" என்றார் அப்பத்தா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "டிசம்பர் 22-க்கு நீ இங்க வரணும்னா எப்ப டிக்கெட் போடணும்?" என்றும் கேட்டார்.

முதல் நாள் இரவு ரயில் என்றால் அக்டோபர் 22, காலை 8 மணி. மொபைலில் அலாரம் வைத்தேன்.