தலைகீழா நின்ன அலை

போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்து நின்னா. திங்கக்கிழமை டெஸ்ட். மும்பைக்கு வந்து பதினேழு வருஷம் ஆச்சு. இந்தியிலயும் மராட்டியிலயும் என் லட்சணம் அவளுக்கு நல்லாத் தெரியும். கணக்குல மட்டும்தான் அப்பாவுக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் :-)

ஒய் = 3 காஸ் (2எக்ஸ் - பை). இதுக்குப் படம் வரையணும்.

"ரொம்ப ஈஸிம்மா. வீச்சு 3. அலைவு நேரம்..."

"அப்பா, இங்கிலீஷ்ல சொல்லுங்க."

தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு இது வழக்கமா விழற அடி. சரின்னு ஆரம்பிச்சேன். ஆம்ப்ளிட்யூட் 3. பீரியட், 2பையை 2-ஆல வகுத்தா பை. உள்ள மைனஸ் பை இருக்கு, அதனால ஃபேஸ் ஷிஃப்ட் வலது பக்கம் பைன்னு கம்பீரமா சொல்லிட்டேன்.

அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்தா. "காஸ் அலை உச்சியிலதானே ஆரம்பிக்கணும்? எக்ஸுக்கு பை போட்டா மைனஸ் 3 வருதே. தலைகீழா நிக்குதுப்பா!"

போச்சுடா. அவ சொன்னது சரி. இருந்த ஒரே மரியாதையும் ஆட்டம் கண்டுடுச்சு.

பத்து நிமிஷம் பேப்பரையே முறைச்சதுக்கு அப்புறம்தான் புரிஞ்சது. அந்த 2-ஐ வெளிய எடுக்கணும்: 2(எக்ஸ் - பை/2). 2-ங்கிறது அலையைப் பாதியா சுருக்கும்போது, தள்ளி நிக்கிற தூரத்தையும் சேர்த்துதான் சுருக்குது. "சூத்திரத்தை விடு. உச்சி எங்கன்னு மட்டும் கேளு"ன்னேன். அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது எங்க பூஜ்யமாகுதோ அங்கதான் உச்சி. 2எக்ஸ் = பை, அப்ப எக்ஸ் = பை/2. அங்கிருந்து ஒரு பீரியட் தள்ளி 3பை/2-ல அடுத்த உச்சி. நடுவுல கால் கால் பீரியடா நடந்தா 3, 0, -3, 0, 3. அஞ்சு புள்ளி, படம் முடிஞ்சது.

அவ முகத்துல இன்னும் சந்தேகம். ஞாயித்துக்கிழமை மரின் டிரைவ் கூட்டிட்டுப் போனேன். கடல் ஒரு தடவை ஏறினதுக்கும் அடுத்த தடவை ஏறதுக்கும் நடுவுல ஏறக்குறைய 12 மணி 25 நிமிஷம். அது பீரியட். இன்னிக்கு முதல் உச்சி எத்தனை மணிக்குங்கிறது ஃபேஸ் ஷிஃப்ட். இடைவெளி வேற, ஆரம்பம் வேற. மழைக்காலத்துல பேப்பர்ல ஹை டைட் நேரம் போடறாங்களே, அது ரெண்டாவது சமாசாரம். பீரியட் சரியா 12 மணி இல்லாததாலதான் அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகுது. நிஜக் கடல் இவ்வளவு சுத்தமான காஸ் இல்ல, ரெண்டு உச்சியும் ஒரே உயரம் இருக்காதுன்னும் சொல்லி வச்சேன். மறுபடி மாட்டிக்கக் கூடாதுல்ல :-)

"இதுக்குத் தமிழ்ல என்னப்பா?"ன்னா. "ஓதம்"னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டா.

திங்கக்கிழமை காலையில நோட்டைப் பார்த்தேன். ஓரத்துல, இங்கிலீஷ் எழுத்துல, தமிழ்ல எழுதியிருந்தா: "உச்சி எங்க?"

மரியாதை தப்பிச்சுதான்னு தெரியல. ஆனா நான் தப்பா சொன்ன அன்னைக்குதான் ரெண்டு பேரும் ஒழுங்கா கணக்குப் போட்டோம். உங்க வீட்ல எப்படிங்க?