பதினொரு மணிப் பசி

அலுவலகத்தில் கொறிக்கும் தின்பண்டத்தைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். வீட்டில் எண்ணெயை அளந்து ஊற்றி, உப்பைக் குறைத்து, கீரையும் காயும் சேர்த்து எத்துணை அக்கறையோடு சமைத்தாலும், சம்பாதிக்கச் செல்பவர் விழித்திருக்கும் பொழுதில் பாதியை வெளியிலேதான் கழிக்கிறார். அப்பொழுதில் அவர் என்ன உண்கிறார் என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. மருத்துவரின் சீட்டு வீட்டுக்கு வரும்போதுதான் தெரிகிறது. ஆகவே இதுவும் வீட்டுச் செய்தியே.

நாங்கள் ஏற்காட்டில் ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் எண்மர். எழுவர் சேலத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் மலையேறி வருபவர்கள். எட்டாமவர் எங்கள் அலுவலக உதவியாளர், தலைச்சோலையைச் சேர்ந்தவர், அறுபதை நெருங்குபவர். அவரைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை அவ்வழியே பயணம் செய்தவர் அறிவர். உல்லாசப் பயணிகளுக்கு அவ்வளைவுகள் வேடிக்கை. எங்களுக்கோ அவையே காலையுணவுக்குப் பகை. வயிற்றில் இரண்டு இட்டலி இருந்தால் பத்தாவது வளைவில் அவை வெளியேற வழி தேடும். ஆதலால் எங்களுள் பெரும்பாலோர் ஒரு வாய்க் காபியோடு பேருந்து ஏறுவதே வழக்கமாயிருந்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இறங்கியதும் குளிர் முகத்தில் அறையும். கையெழுத்திட்டு, கோப்புகளைப் பிரித்து உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் வயிறு கூக்குரலிடத் தொடங்கிவிடும். அதே வேளையில் எதிர்க்கடையில் எண்ணெய் காயும் மணம் மூடுபனியோடு சன்னல் வழியே உள்ளே வரும். ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார். அந்த ஓசையே எங்களுக்கு மணியோசை.

எதிர்க்கடையை நடத்துபவர் கணவரை இழந்த ஓர் அம்மையார். நாங்கள் அனைவரும் அவரை ‘அக்கா’ என்றே அழைக்கிறோம். மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, உளுந்து வடை. மழை பெய்தால் சுடச்சுட போண்டா. ஆளுக்கு இரண்டு பஜ்ஜி, ஒரு தேநீர். நான்கு மணிக்கு மறுபடி ஒரு தேநீர், கூடவே ஏதேனும் ஒரு பொட்டலம்: மிக்சரோ, மரவள்ளிக்கிழங்கு வறுவலோ. மரவள்ளி எங்கள் சேலத்து மண்ணின் செல்வம். சேலம் சவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கிழங்கையே மெல்லச் சீவி எண்ணெயில் இட்டு உப்புத் தூவிவிட்டால், பொட்டலம் காலியாகும்வரை கை நிற்பதில்லை என்பதும் உண்மை.

பெரிய தொழிற்கூடங்களில் இந்நிலை சற்று வேறு. 250 தொழிலாளருக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளிலும், 150 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தோட்டங்களிலும் சிற்றுண்டிச்சாலை அமைப்பதற்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் வழி செய்தன. எட்டுப் பேர் கொண்ட அலுவலகத்துக்கு எந்தச் சட்டம் சமையற்காரரை அனுப்பும்? தெருவோரக் கடைதான் எங்கள் சிற்றுண்டிச்சாலை. சேர்வராயன் மலையில் சிறு தோட்டங்கள், வங்கிகள், பள்ளிகள், விடுதிகள் ஆகியவற்றில் உழைக்கும் எத்தனையோ பேருக்கும் அப்படியே.

இப்பழக்கத்தின்மீது எங்கள் கவனம் திரும்பியது எங்களுள் ஒருவருக்கு வந்த நோயினால். அவருக்கு வயது 43. இரண்டு சிறு பெண்மக்களின் தந்தை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், அவர் தாயாரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்த ஊழியர், அருகில் நின்ற இவருக்கும் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை மிகுதி. பின்னர் மருத்துவரிடம் செய்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி அளவு 9.2 என்று வந்தது. தாகமில்லை, களைப்பில்லை, ஒன்றும் தெரியவில்லை என்கிறார். இந்நோய் அப்படித்தான் ஓசையின்றி வருகிறது. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிற்படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. எங்கள் நண்பருக்கோ கணக்கு தேவைப்படவில்லை. அவருடைய தந்தையார் இந்நோயினாலேயே ஒரு காலை இழந்தவர்.

மறுநாள் முதல் பஜ்ஜியில்லை என்று அவர் உறுதி பூண்டார். பதினொரு மணிக்கு நாங்கள் அறுவரும் எழுந்தோம். அவர் மட்டும் மேசையில் இருந்தார். நான்கு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள் அவராகவே எழுந்து எங்களுக்கு முன்னதாகக் கடையில் நின்றார். “பஜ்ஜியைவிட உங்க பேச்சுதாங்க இல்லாம இருக்க முடியல” என்றார்.

அந்தச் சொல்லில் முழு உண்மையும் அடங்கியிருந்தது. பதினொரு மணிக்கு நாங்கள் தேடிச் செல்வது பாதி பசியைத் தீர்க்க. மறுபாதி, முதுகை நிமிர்த்த, பேச, சிரிக்க, ஒருவர் வீட்டுச் சங்கதியை மற்றவர் கேட்க. வேலைக்கு நடுவே அந்தப் பதினைந்து நிமிடம் மனிதருக்கு வேண்டும். அதைப் பிடுங்கினால் எந்த உறுதியும் ஒரு வாரத்துக்கு மேல் நில்லாது. நேரமும் நடையும் கூட்டும் அப்படியே இருக்க, தட்டில் இருப்பது மட்டும் மாறவேண்டும். அதுவும் ஒருவர் தட்டில் மாறினால் போதாது. ஆறு பேர் பஜ்ஜியைக் கடிக்கையில் ஏழாமவரைக் கொய்யாப்பழம் தின்னச் சொல்வது நட்புக்கு அழகன்று.

முதலில் பசியின் வேரைப் பார்த்தோம். காலையுணவை வீட்டில் உண்ண இயலாதென்றால் மலைமேல் கொண்டுவந்து உண்ணலாமே! ஒன்பதே காலுக்குப் பேருந்து வந்து சேருகிறது. அலுவல் தொடங்குவதோ பத்து மணிக்கு. இடையிலுள்ள நேரத்தில், முன்பு நாளிதழ் புரட்டிய மேசையில், இப்போது ஏழு டப்பாக்கள் திறக்கின்றன. இட்டலி, உப்புமா, ஒரு நாள் கம்பு தோசை. வீட்டிலுள்ளவர்கள் இதற்காகச் சற்று முன்னதாக எழவேண்டியிருக்கிறது; எங்களுள் பெண்கள் மூவர் தமக்கும் தம் கணவர்க்கும் சேர்த்துக் கட்டவேண்டியிருக்கிறது. ‘அவங்களும் ஒரு நாள் கட்டலாமே’ என்று அவர்கள் கேட்டதன் பயனாக இரண்டு வீடுகளில் கணவன்மார் உப்புமாக் கிளறக் கற்றுக்கொண்டது இந்தக் கதையில் எதிர்பாராத ஊதியம். இவ்வொரு மாற்றத்தாலேயே பதினொரு மணிப் பசியின் கூர்மை பாதி மழுங்கிவிட்டது.

தேநீரில் சர்க்கரையைக் குறைத்தது அதைவிட எளிது. கடைக் குவளையில் இரண்டு தேக்கரண்டி. ஒரு கரண்டி ஏறத்தாழ 5 கிராம். வீட்டிலும் அலுவலகத்திலுமாக நாளொன்றுக்கு நான்கு குவளை என்றால் 40 கிராம் ஆகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு இவ்வாறு சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருத்தல் வேண்டும், 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நன்று என்பது 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறிய அளவு. இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். நாக்கு அறியாமலே பழகிவிட்டது. இப்போது யாரேனும் பழைய அளவில் கலந்து கொடுத்தால் பாயசம் போலத் திகட்டுகிறது.

பஜ்ஜியை நஞ்சென்று நாங்கள் சொல்லமாட்டோம். கடலைமாவும் காயும் என்ன குற்றம் செய்தன? கேடு, அது குடித்துவரும் எண்ணெயிலும், அதை நாள்தோறும் உண்பதிலும் இருக்கிறது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து கறுத்துப் பிசுபிசுக்கிறது. அவ்வாறு சிதைந்த பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதயத்துக்குத் தீங்கான டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்பது 2022 ஜனவரி முதல் விதி. பஜ்ஜியை அச்சு மையுள்ள செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதும் கூடாது. விதிகள் நல்லவையே, ஆனால் மூடுபனியில் ஒரு வாணலியோடு நிற்கும் அம்மையாரிடம் அவற்றைப் படித்துக் காட்டுவது எப்படி?

இங்கேதான் எங்களுக்கு உண்மையான சங்கடம் எழுந்தது. எங்கள் எழுவரின் பஜ்ஜிக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒன்று பத்து ரூபாய், ஆளுக்கு இரண்டு, மாதத்துக்கு 22 வேலை நாள். 3,080 ரூபாய்! சனி, ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழாவிலும் பயணிகளால் அக்காவுக்கு வியாபாரம் உண்டு. மற்ற நாட்களில் எங்களைப் போன்றோரே அவருக்கு வரும்படி. அவர் மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் உடல்நலத்துக்காக அந்தப் பிள்ளையின் கட்டணத்தில் கைவைப்பதா? ஒரு வாரம் இதையே பேசினோம்.

கடைசியில் அக்காவிடமே சொன்னோம். நண்பரின் நோயைக் கேட்டு அவர் கலங்கினார். “முன்னாடியே சொல்லியிருந்தா அவருக்கு நானே குடுத்திருக்க மாட்டேனே” என்றார். சுண்டல், அவித்த நிலக்கடலை செய்து தர இயலுமா என்று கேட்டோம். செய்யலாந்தான், ஆனால் கட்டுபடியாகாது என்று அவர் சொன்ன காரணம் எங்களுக்குப் புதிது. மலைமேல் பயறு எளிதில் வேகாது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர் இவ்வுயரத்தில் சுமார் 95 பாகையிலேயே கொதித்து அடங்கிவிடுவதால், திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேகப் பெருநேரமாகிறது. எரிவாயு செலவோ மிகுதி. எண்ணெய்க்கு இந்தத் தொல்லையில்லை. வேண்டிய சூட்டுக்கு ஏறும். மலையில் பஜ்ஜிக்கடைகள் பெருகியிருப்பதற்குக் குளிர் ஒன்றே காரணமென்று எண்ணியிருந்தோம். அடுப்பின் கணக்கும் அதில் உண்டு போலும்!

மருந்து எளிது: நீராவியை அடக்கி வைக்கும் குக்கர். அவரிடமிருந்தது மூன்று லிட்டர் அளவு. நாங்கள் ஒரு மாதத்துப் பஜ்ஜிப் பணத்தைத் திரட்டிப் பத்து லிட்டர் குக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். இலவசமாகப் பெற அவர் இசையவில்லை. கடலையாகக் கழித்துவிடுகிறேன் என்றார்.

எங்கள் உதவியாளரைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோமல்லவா? இத்தனை ஆண்டுகளில் அவர் பதினொரு மணிக்குக் கடைக்கு வந்ததேயில்லை. சிக்கனம் என்றே நினைத்திருந்தோம். இப்போது கேட்டதற்கு, “வயிறு கேக்கல சார், எதுக்கு வரணும்?” என்றார். விடியலில் கேழ்வரகுக் களியோ சாமைச் சோறோ உண்டுவிட்டு வருகிறவருக்கு மதியம் வரை வேறு நினைவில்லை. சேர்வராயன் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து உண்ட தானியங்கள் இவை. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்துக் கடைகளில் சாமைக்கு வந்த மதிப்பைக் கேட்டால் அவர் சிரிக்கிறார். அவருடைய பேரனோ காலையிலேயே பளபளக்கும் பொட்டலம் கேட்டு அழுகிறானாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நம் இல்லங்களுக்குரிய ஒன்றையும் இங்கே குறிக்கலாம். தவக்காலத்து வெள்ளியன்று சுத்தபோசனம் என்று இறைச்சியை விலக்கிவிட்டு, அதற்கு ஈடாக நான்கு வடையை உள்ளே தள்ளுவோர் எங்கள் அலுவலகத்தில் மட்டும் இருப்பதாக நாங்கள் நம்பவில்லை. வீட்டில் பாட்டிமார் கடைப்பிடித்த ஒருசந்தி இதைவிடக் கண்டிப்பானது.

2025 ஜூனில் ஒன்றிய நல்வாழ்வு அமைச்சகம், அலுவலகங்களில் உணவிலுள்ள எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு எல்லாத் துறைகளுக்கும் எழுதியது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை என்று செய்தி பரவ, தெருவோர உணவுகளைக் குறிவைத்து அனுப்பியதன்று என்று அடுத்த மாதமே அமைச்சகம் விளக்க நேர்ந்தது. பலகை நல்லதே. ஆனால் பலகையைப் படித்தவர் எழுந்து செல்லும் இடத்தில் வேறொன்று வெந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆறு மாதங்கள் ஆகிவிட்டன. எல்லாரும் ஒரே சீராக நிற்கிறோம் என்று சொல்வதற்கில்லை. அடைமழை நாளில் இருவர் வாணலிப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். மாலையில் சேலத்தில் இறங்கினால் தட்டுவடை செட் வேறு காத்திருக்கிறது. நடுவில் பீட்ரூட்டும் காரட்டும் வைத்திருப்பதால் அது காய்கறிதான் என்று ஒருவர் வாதாடுகிறார். நண்பருடைய அளவு 9.2-இலிருந்து 7.1-க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரையும் மாலை நடையும் சேர்ந்து செய்த வேலை அது. சுண்டலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல மருத்துவராலும் இயலவில்லை. அடுத்த பரிசோதனை தை மாதத்தில்.

அக்காவின் கடையில் இப்போது பஜ்ஜிச் சட்டிக்கு அருகே குக்கரும் கூவுகிறது. தோட்டத்தில் மிளகு பறிப்பவர்களும் கடலை கேட்டு வாங்கிப் போகிறார்கள். குக்கர் கணக்கில் இன்னும் 640 ரூபாய் பாக்கி என்று அவர் கடைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்.